நலங்குக்கு ஒரு மஞ்சள் சேலை

சென்னையில் ஐந்து நாள் இயற்கைச் சாய வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வந்தேன். அதைக் கணியம்பாடி வீட்டுச் சுவரில் மாட்டிய கையோடு, மலைமேல் இருக்கும் புதூர்நாட்டு மகளிர் குழுவுக்குக் கற்றுக்கொடுக்க ஜீப் ஏறிவிட்டேன். ஐந்து நாளில் கற்றதை மூன்று நாளில் கற்றுக்கொடுக்கும் தைரியம் என்னிடம் இருந்தது.

கூடவே என் தங்கையின் நலங்குச் சேலையும் வந்தது. வெள்ளைப் பருத்தி. என் கையாலேயே மஞ்சளாக்கித் தருவதாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் பீற்றியிருந்தேன். அவளும் நம்பி வேறு சேலை எடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அந்தச் சேலையிலேயே முடிச்சு வேலை. துணியைக் கிள்ளி, உள்ளே ஒரு துவரையை வைத்து நூலால் இறுக்கினால் அங்கே சாயம் ஏறாது, வெள்ளைப் புள்ளியாக நிற்கும். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஒன்று கட்டுவதற்குள் அந்தப் பெண்கள் பத்து கட்டினார்கள். "கை பழகிடும், பயப்படாதீங்க" என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னேன்.

மூன்றாம் நாள் சாய வேலை: சாயம் பிடிக்கக் கடுக்காயும் படிகாரமும், மஞ்சளுக்கு மாதுளந்தோல். என் எவர்சில்வர் பாத்திரத்தில் சேலை அடங்கவில்லை. பெரியதாகக் கேட்டேன். கோயில் சோறு வடிக்கும் இரும்புக் கொப்பரையைத் தூக்கி வந்தார்கள். பருவத்துக்குப் பருவம் கடுக்காய் பொறுக்கி விற்கும், என் வயதுப் பெண் ஒருவர் தயங்கினார்.

"இதுலயா டீச்சர் போடப் போறீங்க?"

"ஏன், பெருசாத்தானே இருக்கு?" என்றேன். அவர் அடுப்புக்கு விறகு தள்ளப் போய்விட்டார். சென்னை வகுப்பில் இரும்பைப் பற்றிச் சொன்னபோது நான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் சேலை தோசைக்கல் நிறத்துக்கு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கடுக்கா இடிச்சா உலக்கையோட இரும்புப் பூண் பட்ட எடமெல்லாம் கருத்துடும் டீச்சர்" என்றார் அவர்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க படிச்சிட்டு வந்தவங்க. அதுக்கு இன்னாமோ மருந்து வெச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

முடிச்சைக்கூட அவிழ்க்காமல் சேலையை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினேன். வேலூரில் வெள்ளைப் புள்ளி போட்ட மஞ்சள் சேலை ஒன்றை வாங்கி, கடைச் சீட்டைக் கிழித்தேன். தங்கைக்கு மட்டும் விஷயம் தெரியும். நலங்கன்று அத்தைகள் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "இயற்கைச் சாயம்னா கண்ணு குளிருதுடி" என்றார்கள். நான் வெட்கமே இல்லாமல் கடுக்காயின் மகிமையை விளக்கினேன்.

மரியாதைக்கு அழைத்திருந்த, கடுக்காய் விற்கும் அந்தப் புதூர்நாட்டுப் பெண், பலாப்பழத்தோடு வந்து நின்றார். வாசலிலேயே எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். கூட்டம் சாப்பிடப் போனதும் தங்கையிடம் ஒரு பையைக் கொடுத்தார். துவைத்து மடித்த கருப்புச் சேலை. விரித்தால் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் உள்ளே புகுந்து திட்டுத் திட்டாக இருந்தது. எது யார் வேலை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இந்த ஓரம் மட்டும் யாரு கட்டுனதுக்கா?" என்றாள் தங்கை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அது நாந்தாம்மா. எனக்கு இன்னும் கை பழகல."