ஆடிக் கூழ் குடித்து ஊதியவர்கள்

லாரி ஷெட் என் வீட்டுக்கு எதிரில் இருந்தது. அந்த மொழிபெயர்ப்பு வேலை எனக்கு வந்தது அதனால்தான். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், அரிசி ஆலைகளுக்கு ஓடும் வண்டிகள் நிற்கும் இடம் அது. சென்னைக் கம்பெனி ஒன்று அந்த ஷெட்டுக்கு நிரந்தரமாக லோடு தர ஒத்துக்கொண்டு, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு ஓட்டுநரும், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். அதற்கான விதிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஷெட் மேனேஜர் ஆங்கிலத் தாள்களோடு வந்தார்.

"சார் பேப்பர்ல வேல பாத்தவரு. இத்த நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க."

நான் அதுவரை அந்த மாதிரி விதிகளைப் படித்ததில்லை. படிக்கப் படிக்க ஆர்வம் கூடியது. அவை யாரையும் நம்புவதில்லை, ஊதச் சொல்கிறவரைக்கூட. ஒருவருக்கு ஒரு குழாய். அதன் உறையை ஊதுபவரின் கண்முன்னே பிரிக்க வேண்டும். ஊத மறுத்தால் குடித்ததாகவே கொள்ளப்படும். நூறு மில்லி இரத்தத்தில் முப்பது மில்லிகிராம் சாராயம் வரை நாட்டுச் சட்டம் விட்டுவிடுகிறது; கம்பெனி சைபருக்கு மேல் எதையும் விடுவதில்லை. முதல் முறை எண் வந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது. இரண்டாம் முறை வந்தால் அந்தக் கம்பெனியின் லோடு எந்த ஷெட்டிலும் கிடையாது.

எட்டாவது விதி மட்டும் கொஞ்சம் கருணையோடு இருந்தது. எண் வந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு, எதையும் சாப்பிடாமல், குடிக்காமல், புகைக்காமல் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். பிறகு மறுபடி ஊத வேண்டும். இரண்டாவது எண்தான் கணக்கு. வாயில் ஒட்டியிருப்பது அதற்குள் போய்விடும்; இரத்தத்தில் கலந்தது போகாது. அதுதான் அதன் தர்க்கம்.

"எழுதிக்கலாம் சார். ஆனா இங்க நடக்காது. லோடு நிக்கும்" என்றார் மேனேஜர்.

ஒரு காலை நேரத்தில் ஓட்டுநர்களை நிற்க வைத்து நானே படித்துக் காட்டினேன். போதைப் பொருள் பற்றிய விதி வந்ததும் கேள்விகள் கிளம்பின. பாக்கு அதில் சேருமா? இருமல் மருந்து? தூக்கம் வராமல் இருக்கப் போடும் மாத்திரை? முதலாவதுக்கு இல்லை, இரண்டாவதுக்கு டாக்டர் சீட்டு காட்ட வேண்டும், மூன்றாவதுக்கு ஆம் என்று தாளைப் பார்த்துச் சொன்னேன். சுமை தூக்குகிறவர்களின் மேஸ்திரி, நரைத்த மீசைக்காரர், பின்னாலிருந்து கேட்டார்.

"ரெண்டு நாளா தூங்காதவன் ஊதினா மிஷினு இன்னா காட்டும் சார்?"

"சைபர்."

"அப்போ அவன் ஓட்டலாமா?"

தாளில் அதற்குத் தனி விதி இருந்தது. ஆனால் அதை அளக்கக் கருவி இல்லை. அப்படியே சொன்னேன். மேஸ்திரி தலையாட்டிக்கொண்டார். அவருக்குப் பதில் பிடித்ததா இல்லையா என்று தெரியவில்லை.

கருவி ஒரு செல்போனை விடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது. ஊதும்போது ஊதுகிறவரைப் படம் எடுத்து, எண்ணையும் படத்தையும் அப்போதே சென்னைக்கு அனுப்பிவிடும். கேட்டில் அதைப் பிடிக்க, அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். பி.எஸ்ஸி. முடித்தவர். எவ்வளவு பெரிய மீசையானாலும் "அண்ணா, நல்லா இழுத்து ஊதுங்க" என்று ஒரே குரலில் சொல்வார்.

தொண்டூர்க்காரரான ஓட்டுநர் ஒருவர் அங்கே இருந்தார். வயது நாற்பதுக்கு மேல். சித்திரையில், மச்சான் கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஊதி, எண் வந்து, வண்டி கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர். அதற்கடுத்த வாரமே ஒரு கோயிலில் போய்க் குடிக்க மாட்டேன் என்று தை மாதம் வரைக்கும் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கழுவிக் கழுவி நிறம் போயிருந்தது. மகள் விழுப்புரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த லோடு போனால் அவள் படிப்பும் நின்றுவிடும் என்று ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். அந்த வருடம் கூழ் மேனேஜர் வீட்டு உபயம். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க விட்டு, நொய் போட்டுக் காய்ச்சி, மறுபடி ஒரு ராத்திரி அண்டாவில் வைத்திருந்து, மோர் விட்டுக் கரைத்தது. அந்த வாரம் வெயில் குறையவே இல்லை. பக்கத்தில் போனாலே புளிப்பு மூக்கில் ஏறியது. நானும் ஒரு சொம்பு குடித்தேன், வெங்காயத்தோடும் கருவாட்டுக் குழம்போடும். தொண்டூர்க்காரர் இரண்டு சொம்பு குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நேராக கேட்டுக்குப் போய் ஊதினார்.

கருவி கத்தியது. பதினொன்று.

சட்டத்தின் கணக்கில் அவர்மேல் குற்றமில்லை. கம்பெனியின் கணக்கில் இது இரண்டாவது முறை. அவர் கருவியைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது? கூழுதான குடிச்சேன்."

"எனக்குத் தெரியும்ணா. மிஷினுக்குத் தெரியலியே."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நெற்றியில் குங்குமம், மஞ்சள் வேட்டி. காலையிலிருந்து விரதமாக இருந்து, கூழ் ஊற்றி முடித்துவிட்டு வந்திருந்தார். நான் எட்டாவது விதியை ஞாபகப்படுத்தினேன்.

"பதினஞ்சு நிமிஷத்துல எறங்கிடும் சார். நாளைக்கி ஒவ்வொருத்தனும் கூழு குடிச்சேன், கஞ்சி குடிச்சேன்னு வருவான்."

"குடித்திருந்தால் இறங்காது. வாயில் ஒட்டியிருப்பதுதான் இறங்கும்" என்றேன்.

"அப்போ எங்க வூட்டுக் கூழுல சாராயம் இருக்குதுன்றீங்களா?"

நான் எதிர்பார்க்காத இடத்தில் பேச்சு வந்து நின்றது. அவர் குரல் ஏறியது.

"அம்மனுக்குப் படைச்ச கூழு சார். எங்க அம்மா ராத்திரி பூரா முழிச்சிக் கிண்டனது. அதுல போத இருக்குதுன்னா ஊரே குடிச்சிட்டு நிக்குதுன்னு அர்த்தம்."

"நான் அப்பிடிச் சொல்லல சார்" என்றார் ஓட்டுநர். "கூழத் தவிர ஒண்ணும் குடிக்கலன்னுதான் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா."

"இத்த கட்டிக்கினு நான் குடிப்பனா?" ஓட்டுநர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"கயிறு கட்டினவன்லாம் குடிக்காம இருந்தா கடய எப்பவோ மூடியிருப்பானுங்க."

ஓட்டுநர் கையை இறக்கிக்கொண்டார். பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"அப்போ நீங்க ஊதுங்க சார். நீங்க ஜென்மத்துல தொட்டதில்ல. ஊருக்கே தெரியும். கூழ ஒரு சொம்பு குடிச்சிட்டு ஊதுங்க. சைபர் வந்தா நான் சாவி வாங்காமலே வூட்டுக்குப் போறேன்."

கேட்டிலிருந்த பெண்ணின் மேசைக்கடியில் ஒரு தூக்கு இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போக கோயிலில் வாங்கி வைத்திருந்த கூழ். மேனேஜர் அதை எடுத்தார், அண்ணாந்து கடகடவென்று குடித்தார், தோள் துண்டால் மீசையைத் துடைத்தார்.

"சார், ஊதினா மெட்ராஸ்க்குப் போயிடும் சார்" என்றார் அந்தப் பெண்.

"போவட்டும். அங்க இருக்கறவனும் தெரிஞ்சிக்கட்டும்."

அந்தப் பெண் புதுக் குழாயின் உறையைப் பிரித்து மாட்டினார். மேனேஜர் நன்றாக இழுத்து ஊதினார். கருவி படம் எடுத்தது. பிறகு கத்தியது.

பதினேழு.

சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். முதலில் யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரிதான் கையை நீட்டினார்.

"சாமி, பைக் சாவியக் குடுங்க. இந்த நெலமைல எப்பிடி வூட்டுக்குப் போவீங்க?"

அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. மேனேஜர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"மிஷினு கெட்டுப்போச்சா?"

அந்தப் பெண் தானே ஊதிக் காட்டினார். அவர் இன்னும் கூழ் குடிக்கவில்லை. சைபர்.

மேனேஜர் வாயைக் கொப்பளித்துவிட்டு வேப்பமரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஓட்டுநரும் கொப்பளித்துவிட்டு, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் செல்போனில் நேரம் வைத்தார். மேஸ்திரி பீடிக்கட்டை எடுத்து இருவருக்கும் நீட்ட, "தாத்தா, கூடாது!" என்று அந்தப் பெண் கேட்டிலிருந்து கத்தினார்.

பாதி நேரம்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்து போன் வந்தது. மேனேஜர் எழுந்து நின்று பேசினார்.

"சார்… ஆமா சார், என் போட்டோதான் சார். இல்ல சார், கூழு சார். ராகி சார், ராகி. கோயில்ல… இல்ல சார், நான் இன்னிக்கி விரதம் சார்… சார், ரூல்ஸ் எட்டு இருக்குது சார், பதினஞ்சு நிமிஷம் டைம் இருக்குது… சரிங்க சார். சரிங்க."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சொல்றாரு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"மாட்டினவன்லாம் எதனா ஒரு கத சொல்லத்தான் செய்வான்றாரு."

ஓட்டுநர் தரையைப் பார்த்தபடி, "சித்த முன்ன நீங்க சொன்னதுதான் சார்" என்றார்.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, "பொண்ணுக்கு எப்ப பரிட்ச?" என்று கேட்டார். "அடுத்த மாசம்" என்றார் ஓட்டுநர். சாலையில் மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் என் வாட்சைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். விதியை மொழிபெயர்த்தபோது பதினைந்து நிமிடம் என்பது ஒரு சொல்லாகத்தான் இருந்தது.

நேரம் ஆனதும் மேனேஜர் ஓட்டுநரை முதலில் போகச் சொன்னார். ஓட்டுநர் ஊதும் முன் இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கருவி கத்தவில்லை. அந்தப் பெண் எண்ணை உரக்கச் சொல்லாமல், கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். சைபர். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் வண்டிக்குப் போகவில்லை. மேனேஜரின் எண் வரும்வரை நின்றார். அதுவும் சைபர்தான்.

"போய்ட்டு வாண்ணா" என்றார் மேனேஜர். அதுவரை அவர் அந்த ஆளை "அண்ணா" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து அன்று மாலைவரை பதில் இல்லை. மறுநாள் வந்தது: இரண்டாவது எண்ணே கணக்கு, முதல் எண் இருவர் பேரிலும் நீக்கப்படும்.

சிலநாள் கழித்து, அம்மனுக்குப் படைத்த கூழைப் பற்றி மேனேஜர் என்ன முடிவுக்கு வந்தார் என்று விசாரித்தேன். எனக்கு அதுதான் குறுகுறுப்பாக இருந்தது. "கூழு கூழுதான் சார். அத்த அளக்கறதுக்குச் செஞ்ச மிஷினு இல்ல அது" என்றார். ஆனால் கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், ஒரு வாளித் தண்ணீரும், ஒரு மக்கும் வந்து சேர்ந்திருந்தன. லோடு நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆடி முடிந்தது, ஆவணியும் முடிந்தது. கூழ் இல்லாத மாதங்களில் நாற்காலிக்கு வேலையில்லை. சுமைக்காரர்கள் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டார்கள். தொண்டூர்க்காரர் மட்டும் தினமும் சீக்கிரமே வந்தார். சட்டைகளை எடுத்து ஓரமாக வைப்பார், வாயைக் கொப்பளிப்பார், உட்காருவார். டீகூடக் குடிப்பதில்லை. ஒருநாள் நான் கேட்டேன், எண் வந்தால்தானே உட்கார வேண்டும் என்று.

"வந்த பொறவு உக்காந்தா சார், எல்லாரும் என்னப் பாத்துக்கினு இருப்பாங்க. இப்ப ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

பிறகு எழுந்து போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊதினார்.