ஆறரை எக்ஸும் ஒரு சுவரொட்டியும்

என் தங்கை வீட்டுக்காரர் எர்ணாகுளத்தில் டியூஷன் சென்டர் நடத்துகிறார். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு அப்பால் உலகத்தில் ஒன்றுமில்லை என்று நம்புகிற ஆள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசையில் ஆறு தமிழ் வீடுகள். தீபாவளிக்குச் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி, வாழையிலையில் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வோம். பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டுக்குச் சுவரொட்டி முதலிலேயே போய்விடும். ஆட்டின் மண்ணீரல் அது; ஒன்றே ஒன்றுதான் இருக்கும். தின்றால் ரத்தம் ஊறும் என்பார்கள். போன தீபாவளிக்குப் பெற்றவள் என் தங்கை. பிரசவத்தில் ரத்தம் ஏகமாகப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாத்திரை உள்ளே போனால் வாந்தி. அம்மா அந்தச் சுவரொட்டியைத்தான் நம்பியிருந்தாள்.

கூறு போட மாப்பிள்ளை தானே முன்வந்தார். கண்ணளவில் பிரிப்பது அநியாயமாம். சாக்பீஸ் எடுத்து எங்கள் சுவரிலேயே எழுதினார். நான்கு வீடுகளுக்குத் தலா ஒரு எக்ஸ். ஆள் அதிகமான எங்கள் வீட்டுக்கு இரண்டு எக்ஸ். தனியாக இருக்கும் கோடி வீட்டு அக்காவுக்கு அரை எக்ஸ். ஆக ஆறரை எக்ஸ், பதிமூன்று கிலோ; ஒரு எக்ஸ் இரண்டு கிலோ. மலையைப் புரட்டிவிட்ட தோரணையில் கையைத் தட்டிக்கொண்டார். விடை சரிதான், யார் இல்லை என்றது?

அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: “சுவரொட்டி தனியா வச்சாச்சா மாப்பிள்ளே?”

“எல்லாம் சேர்ந்துதான் அத்தே பதிமூணு. ஒண்ண மட்டும் எடுத்தா கணக்கு தெத்திப் போகும்.”

அதையும் நறுக்கிக் கறியோடு கலந்திருந்தார். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டாத நியாயவானாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; இது இருந்த கறியையும் கெடுத்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்கள் நான்கு கிலோவைத் துழாவினேன். நகத்தளவில் இரண்டு துண்டு கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் கோடி வீட்டு அக்கா தன் அரை எக்ஸில் கிடைத்ததை இலைக்கிழிசலில் கொண்டுவந்து தந்தார். பிறகு மற்ற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அம்மா எல்லாவற்றையும் மிளகு போட்டு வதக்கித் தங்கை முன்னால் வைத்தாள்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “அப்ப நம்ம வீட்டுக்கு ரெண்டு எக்ஸுக்கு மேல வந்துடுச்சே.”

தங்கை தலை நிமிரவில்லை. “கூடினத உங்க தட்டுல குறைச்சுக்கோங்க.”

தீபாவளியன்று வீட்டு மாப்பிள்ளைக்கு அம்மா வெறும் ரசம் ஊற்றினாள்.