மச்சம் இல்லாத எட்டு மாதங்கள்

பாரிசவாதத்தில் என் கணவருக்கு வலது கை, கால் விழுந்தன. அவர் எழுந்து நடக்கும்வரை வீட்டில் மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன். மீன் கேட்டார், கொடுக்கவில்லை. கஞ்சியைப் பருக்கி, அசையாமல் படுக்க வைத்தேன். போரால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. எட்டு மாதம் கழித்தே கொடிகாமம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி வந்து பார்த்தார்.

"வாதம் வலது காலுக்குத்தானே அம்மா. இடது கால் ஏன் இப்பிடிக் குச்சியாப் போச்சுது? என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

சொன்னேன். "மச்சமும் இல்லாமல், அசைக்காமலும் கிடந்தா நல்ல காலும் வத்திப் போகுந்தானே அம்மா," என்றார்.

இப்போது தினமும் முட்டையும் மீனும் கொடுத்து, கதிரையைப் பிடித்து எழும்பச் செய்கிறேன். இரண்டு காலும் நடுங்க, உடனே குந்திவிடுகிறார்.

"காணும், இனி ஏலாது, விடப்பா," என்கிறார்.

இனி எதற்கு நேர்ந்தாலும் என் வாயை மட்டும்தான் கட்டுவேன்.