பருப்பு வேகாத தண்ணீர்

இலை ஓரம் கருகினால் மரத்துக்குத் தாகம் என்று அர்த்தம். இப்படித்தான் நான் நம்பினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, முழு முட்டாள்தனமும் என் சொந்த உழைப்பு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நான் வாங்கிய தோப்பில் பதினோரு மாமரம், முப்பது தென்னை, ஒரு கிணறு. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கும் குடிக்க, சமைக்க அந்தக் கிணறுதான்.

சித்திரையில் மாவிலைகளின் ஓரம் தீய்ந்த அப்பளம் போலானது. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினேன். காலையில் போட்டால் அலுவலகம் முடிந்து நான் வரும்வரை ஓடும். தென்னைகள் குடித்துவிட்டுத் தெம்பாக நின்றன. மாமரங்கள் மேலும் கருகின. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு மணி நேரம் கூட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா நிறைகுடத்தோடு வந்து நின்றார்.

“இன்னா சார், பருப்பு வேவவே மாட்டேங்குது. கொதிச்சுகினே கீது.”

“கடைக்காரன் பழைய பருப்பைத் தள்ளிவிட்டிருப்பாம்மா.”

“அதே பருப்பு எங்க அக்கா வூட்ல கொழகொழன்னு கீது. நீயே இந்தத் தண்ணிய வாயில ஊத்திப் பாரு.”

ஊற்றவில்லை. பயந்தால் எனக்கு வாய் நீளும். “இளநீர் வெட்டித் தரேன், அதுல வேக வைங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குடத்தை என் காலடியில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். நாள் முழுக்க இறைத்தும் நீர்மட்டம் பெரிதாக இறங்கவில்லை. வள்ளல் கிணறு என்று அலுவலகத்தில் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அப்படியானால் இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது? குழாயில் கொட்டிய நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். மோட்டாரை அணைக்க ஓடியதில் ஒரு செருப்பு அறுந்தது. சத்தம் நின்றதும் அலையோசை கேட்டது, மிகப் பக்கத்தில்.

நல்ல நீரை நான் உறிஞ்சி எடுத்த இடத்துக்கு மண்ணுக்கடியில் கடல் வந்திருந்தது. தாகம் என்று நினைத்து உப்பை ஊற்றியிருக்கிறேன். ஊற்ற ஊற்றக் கருகியிருக்கிறது.

அதன்பின் இரண்டு மழைக்காலம் போயிற்று. மாமரம் பதினொன்றும் செத்துவிட்டன. தென்னைகள் உப்பைத் தாங்கிக் காய்க்கின்றன. கிணறு இன்னும் உப்புதான். அந்தம்மா தினமும் காலையில் சாலையைத் தாண்டிப் போய் லாரித் தண்ணீர் பிடித்து வருகிறார்.