எட்டு நிமிஷம் மூத்தவர்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர் விழுந்து இருபது வருஷமாகிறது. பெயர் வைத்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், பெயர்தான் போகவில்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சுகள் தினமும் காலையில் ஈரத்துணி சுற்றி வந்து சேரும். மூட்டையிலிருந்து வெள்ளை பிளாஸ்டர் மாவை அள்ளித் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதிரும் மேஜைமேல் அச்சை வைத்து, குமிழி தங்காமல் ஓரத்திலிருந்து மெல்ல ஊற்றுவது அவள் வேலை. இறுகும்போது மாவு உள்ளங்கையில் சுடும். ஆறியபின் அச்சை உரித்தால் யாரோ ஒருவருடைய வாய் வெள்ளை வெளேரென்று வெளியே வரும். இத்தனை வருஷத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவளைப் பெரிய ஆளாக்கியதும் இந்த மாவுதான். தெருமுனை மருந்துக்கடைக்காரர் கடைக்கு மேலே இருக்கும் அறையில், அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துத் தத்துவம் பேசுவார். எல்லையில்லாத ஒன்று ஏன் எல்லையுள்ள உருவங்களுக்குள் வந்து உட்காருகிறது என்பது அவருக்குப் பிடித்த கேள்வி. கடல், அலை, ஆகாயம் என்று அவர் சுற்றிச் சுற்றி வருவதற்குள் பாதிப்பேர் கொட்டாவி விட்டுவிடுவார்கள். ஒருநாள் இவள் வாய் திறந்தாள்.

"எங்க கூடத்துல மூட்டை ஒண்ணுதான் சார். அந்த மாவுக்கு வாயும் கிடையாது, பல்லும் கிடையாது. அச்சுக்குள்ள போனாத்தான் இது கிழவர் வாய், இது சின்னப்பொண்ணு வாய்னு ஆகுது. ஆனா எதை உடைச்சுப் பாத்தாலும் உள்ள அதே மாவுதான்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "இதைச் சொல்லத்தாம்மா நான் இத்தனை வருஷமா தொண்டை வறளக் கத்திக்கிட்டிருக்கேன்."

அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் யாருக்காவது சாவு நேர்ந்தால் பல்லக்காவைக் கூப்பிட்டு விடுவார்கள். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உருவம்தான் போச்சு, உள்ள இருந்தது எங்கயும் போகல" என்பாள். ஒப்புக்குச் சொன்னதில்லை. நிஜமாகவே நம்பினாள்.

வீட்டில் அவள் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஏய் பல்லு, என்னை உடைச்சா உள்ள என்ன மாவு வரும்?" என்று வம்புக்கு இழுப்பார்.

"உங்களை உடைச்சா கிரீஸ்தான் வரும். கையைக் கழுவிட்டு வாங்க."

அவருக்கு ஓர் அண்ணன், அவளுக்குப் பெரியத்தான். எட்டு நிமிஷம் மூத்த அண்ணன். இரட்டையர், அச்சு அசலாக ஒரே முகம், ஒரே உயரம், இடது புருவத்தில் ஒரே மாதிரி ஒரு சுழி. தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்தாலே இருவருக்கும் வாய்ச்சண்டைதான். "பெரியவன்கிட்ட மரியாதையா பேசுடா" என்பார் அவர். "எட்டு நிமிஷத்துக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு குடுத்தாச்சு" என்பார் இவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை அவள் டீ டம்ளரை ஆள் மாற்றி நீட்டிவிட்டு வெட்கத்தில் உள்ளே ஓடியிருக்கிறாள். அதற்கப்புறம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எவர் என்று சொல்லிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பத்து மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், இயந்திர அறைக்குள் அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட்டை ரிப்பேருக்காக அவரே நிறுத்தி வைத்திருந்தார். கூட வேலை பார்த்தவர் படியேறி, மூச்சிரைக்க மேலே போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீடு நிறைய ஜனம். அவள் கல்லாய் உட்கார்ந்திருந்தாள். பெரியத்தான் வாசலில் வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. உள்ளே படுக்கையில் ஒரு முகம், வாசலில் அதே முகம். அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் அவர் வந்தார். ஒழுகும் குழாயைச் சரிசெய்தார், பரணில் இருந்ததை இறக்கிக் கொடுத்தார், ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். மகள் தன் மூன்று வயதுக் குழந்தையுடன் வந்திருந்தபோது, அது ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு "தாத்தா வந்துட்டாரு!" என்று கூவியது.

"பெரியப்பா இருக்கிறது எவ்வளவு ஆறுதல் பாத்தியாம்மா?" என்றாள் மகள். பார்த்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

ஆறுதலா? அவளுக்குச் சனிக்கிழமையே வரக்கூடாது என்றிருந்தது. ஊருக்கெல்லாம் சொன்னதைத் தனக்கும் சொல்லிப் பார்த்தாள். உள்ளே இருப்பது ஒன்றுதான் என்றால் இவரும் அவர்தானே? இல்லை, உருவம்தான் போனது என்றால், அந்த உருவம் இதோ எதிரே உட்கார்ந்து டீயை ஊதிக் குடிக்கிறதே? உள்ளே இருப்பதும் இருக்கிறது, வெளியே தெரிவதும் இருக்கிறது. அப்புறம் போனது எது? அவர் டம்ளரைக் கீழே வைப்பார், அந்த விரல்கள், அந்த நகங்கள். "போயிட்டு வரேம்மா" என்பார். 'ஏய் பல்லு' என்று அந்த வாய் சொல்லாது. சொன்னாலும் அது வேறு.

ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கணவருடைய நீலச் சட்டையை எடுத்து நீட்டினாள். "சும்மாதானே கிடக்குது. போட்டுக்குங்க பெரியத்தான்." அவர் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டு வந்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாள். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்துவிட்டாள். அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு, பனியனோடு தலைகுனிந்து நின்றார்.

"எனக்கும் தெரியும்மா," என்றார். "நான் கண்ணாடி பாத்துச் சவரம் பண்ணி நாலு மாசமாச்சு. தடவிப் பாத்துத்தான் பண்ணிக்கிறேன். பாத்தா அவன்தான் நிக்கிறான். கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலையும்வரை காத்திருந்து, மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாள். "எல்லாம் ஒண்ணுன்னா இவரைப் பாத்து ஏன் சார் எனக்கு நிம்மதி வரல?"

"அலை அடங்கிட்டா கடல் குறையுதாம்மா?"

"கடலுக்குக் குறையாது சார். நான் கடல் இல்லையே. எனக்கு அந்த ஒரு அலைதான் தெரியும்."

அவர் மேஜைமேல் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷர், சமாளிக்கத் தெரியவில்லை. "கொஞ்ச நாள் ஆகும்மா" என்றார் கடைசியில்.

"நானும் எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன்" என்றாள். அன்று படியிறங்கியவள் அதற்கப்புறம் அந்தப் படியில் ஏறவில்லை. யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் ஓரமாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தாள். பல்லக்காவுக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை பெரியத்தானிடம் சொல்லியே விட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு வராதீங்க. உங்க முகத்தைப் பாக்க முடியல."

"சரிம்மா" என்றார். கோபமோ வருத்தமோ காட்டவில்லை. குழாய் திருகும் கருவிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாதம் ஓடியது. மகள் குழந்தையோடு வந்திருந்த ஒரு சனிக்கிழமை, படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியத்தான்தான். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அந்த மூன்று மாதத்தில் அந்த முகத்துக்காக அவள் எவ்வளவு ஏங்கிக் கிடந்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

வாசலில் நின்றவருக்கு முகம் மூடத் தாடி. நரைத்து, அடர்ந்து, கழுத்துவரை இறங்கியிருந்தது. தலையை ஒட்ட வெட்டியிருந்தார். கனத்த சட்டம் போட்ட கண்ணாடி வேறு. சுழி இருந்த புருவம் அதற்குள் ஒளிந்துகொண்டது.

"இப்போ பரவாயில்லையாம்மா?" என்றார் ஆசையாக. "ஆபீஸ்லயே யாருக்கும் அடையாளம் தெரியல."

உள்ளேயிருந்து ஓடிவந்த குழந்தை அவரைப் பார்த்ததும் மிரண்டு, அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"உங்களை யாரு இப்படிப் பண்ணச் சொன்னா?" என்று வெடித்தாள் அவள். "மிச்சம் இருந்தது அது ஒண்ணுதானே! அதையும் ஏன் அழிச்சீங்க?"

அவர் கை தாடிக்குப் போனது. "நீதானேம்மா பாக்க முடியலன்னு..."

"சொன்னேன். சொன்னேன்தான்."

"எடுத்துடட்டுமா? இப்பவே போய்..."

வேண்டாம் என்று தலையாட்டினாள். எடுத்தால் மறுபடியும் பார்க்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மகள் போட்டுவந்த டீ ஆறி ஆடை கட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார்.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள். பஸ் வரும்போது, "அடுத்த சனிக்கிழமை வருவீங்களா?" என்று கேட்டாள்.

"நீ சொல்லும்மா. வரட்டுமா, வேண்டாமா?"

அவளால் இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள். சாயங்காலக் கூட்டம், எல்லாம் களைத்துப்போன முகங்கள். எவர் அவர் என்று தெரியாமலே பஸ் திரும்பிப் போய்விட்டது.

அதற்கப்புறம் அவர் வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்தபோது கீழ்வீட்டுக்காரர் யாரையோ அனுப்பினார்.