எஸ்தர் சிஸ்டரின் இரண்டாவது வழக்கு

வக்கீல் தொழிலில் எதிர்த்தரப்பு நம்மைச் சந்தேகப்படுவதில்லை. நம்மிடம் வழக்கைக் கொடுத்தவர்தான் சந்தேகப்படுவார். கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டோடு வேர்த்து நின்றிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டீக்கடை

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் நடந்தது. எஸ்தர் சிஸ்டர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சுழி ரோட்டில் சின்னதாக ஒரு பிரசவ விடுதி நடத்தி வந்தார். உள்ளூர் கேபிள் டிவிக்காரர் ஒருநாள் மாலைச் செய்தியில், 'திருச்சுழி ரோட்டில் ஒரு விடுதியில் பிள்ளையை மாற்றிக் கொடுக்கிறார்களாம்' என்று வாசித்துவிட்டார். அடுத்த வாரமே கட்டில்கள் காலி. மாதாமாதம் சிஸ்டரிடம் காட்டி வந்த பெண்கள்கூட விருதுநகருக்குப் பஸ் ஏறினார்கள்.

மானநஷ்ட வழக்குப் போட்டோம். தோற்றோம். அந்த ரோட்டில் வேறு விடுதிகளும் இருந்தன. செய்தியில் பெயர் இல்லை, இவரைத்தான் சொன்னார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார் நீதிபதி. தீர்ப்பு முடிந்ததும் எதிர்த்தரப்பு வக்கீலும் நானும் வழக்கம்போல எதிரே டீக்கடையில் நின்றோம். சிஸ்டர் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் டம்ளரைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து, கிட்டத்தில் வந்து கேட்டார்: "டீக்குக் காசு குடுத்தது நீங்களா, அவுகளா?"

புதுச் செய்தி

கேபிள்காரருக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. அந்த வாரமே சிஸ்டரின் பெயரைச் சொல்லி, விடுதியின் போர்டையும் காட்டி, 'பிள்ளையை மாற்றியது உண்மைதான் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று ஒளிபரப்பினார். கோர்ட்டு அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வழக்கில் எங்களுக்குக் கிடைக்காத பெயரை அவர் வாயாலேயே தந்துவிட்டார்.

அழுது சிவந்த கண்களோடு வந்த சிஸ்டரிடம், இது புதுச் செய்தி, புது வழக்கு, இந்தத் தடவை அவர் தப்ப முடியாது என்றேன். என் உற்சாகம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. வக்காலத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது கேஸு வரும்னுதான் முத கேஸுல தோத்தீகளா, சார்?"

பாய் வைத்திருந்த கேசட்

மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் அப்படி ஒரு செய்தியே போகவில்லை என்று கேபிள்காரர் சாதித்தார். ஊரே பார்த்திருந்தும் சாட்சிக்கு ஒருவரும் வரவில்லை. அப்போதுதான், வீரசோழனிலிருந்து வந்து பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாயைப் பற்றிக் கேள்விப்பட்டேன். செய்திக்கு முன்னால் அவர் கடை விளம்பரம் வரும். கேபிள்காரர் ஒழுங்காகப் போடுகிறாரா என்ற சந்தேகத்தில், பாய் தினமும் வீட்டு வீடியோ டெக்கில் பதிந்து, அழிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்.

கேசட் இருந்தது, என் கையில் தர மறுத்துவிட்டார். கோர்ட்டிலிருந்து சம்மன் போன பிறகு, துண்டில் சுற்றித் தானே கொண்டு வந்தார். வாடகைக்கு எடுத்த டிவியில் முதலில் சேலை விளம்பரம் ஓடியது, பின்னாலேயே சிஸ்டரின் போர்டு. கேபிள்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என்னை ஏன் நம்பவில்லை என்று பிறகு பாயிடம் கேட்டேன். "உங்களுக்கு முன்னால அந்தக் கேபிள்காரன் ஆளும் வந்து வக்கீலுன்னுதான் சொன்னான். கோட்டுப் போட்டவுகள்ல யாரு யாரோட ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கறுப்புக் கயிறு

ஜெயித்தோம். நஷ்டஈட்டோடு, அதே செய்தி நேரத்தில் கேபிள்காரர் மன்னிப்பும் வாசித்தார். 'உள்ளுக்குள்ள ஏதோ பேசி முடிச்சிருக்காக' என்று அதற்கும் ஊர் பேசியது. கட்டில்கள் காலியாகவே கிடந்தன. பிறகு ஒருநாள் நரிக்குடிப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வலியோடு காரில் கொண்டு வந்தார்கள். மாமியார் பிரசவ அறையைவிட்டு நகரவே இல்லை. பிள்ளையின் முதல் அழுகை ஓய்வதற்குள், மடியிலிருந்து கறுப்புக் கயிற்றை எடுத்து அதன் காலில் கட்டிவிட்டார், அடையாளத்துக்கு.

இதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த அம்மாவுக்கு நோட்டீஸ் விடுவோமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த சிஸ்டர் தலை நிமிராமல் சொன்னார்: "கட்டிட்டுப் போகட்டும் சார். கட்டுறதுக்காச்சும் எங்கிட்ட வந்தாகள்ல."

என்னை முழுசாக நம்பிய கட்சிக்காரர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை, ஆனால் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர்கூட வேறு வக்கீலிடம் போனதும் இல்லை.