ஒன்பது மணிக் காடை

சமையலறையிலிருந்து அந்தச் சீழ்க்கை வந்தது. முதலில் தாழ்வாக ஒரு சுரம். பிறகு மேலே ஏறப் பார்த்து, பாதியில் மூச்சு வாங்கி, இழுத்து இழுத்துத் தேய்ந்துபோகும் இன்னொன்று.

வெண்டல் ஹாஸின் காப்பிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"ஆர்லீன், அது என்ன?"

"எது? கடிகாரமா? மணி ஒன்பது ஆயிருக்கும். கேக் இன்னொரு துண்டு போடட்டா?"

அவள் கத்தியைக் கேக்கில் வைத்தாள். அதே நேரம், திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, துணிக்கொடியின் மேலிருந்து அதே சீழ்க்கை பதிலாக வந்தது. அதே ஏற்றம், அதே இழுப்பு, அதே தேய்வு.

கத்தி நின்றது. பக்கத்து வீட்டுக்காரியான நான் மட்டும் மென்றுகொண்டிருந்தேன். கேக் நன்றாக இருந்தது, என்ன செய்ய?

கொடியில் சாம்பல் நிறத்தில், நீண்ட வாலோடு ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. ஊரிலுள்ள பறவைகளின் பாட்டையெல்லாம் திருடிப் பாடும் அந்தத் திருட்டுப் பயலைத் தெரியாதவர் எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் கிடையாது.

ஆர்லீன் கிரைடர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். முதுகைத் திருப்பிக்கொண்டே, எந்தப் பையன் தட்டைக் கீழே போட்டான் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஓய்வு பெற்றபின் அந்தக் காதைப் பறவைகளுக்குக் கொடுத்தாள். அவள் வீட்டு வேலிக்குப் பின்னால்தான் பழைய இரும்பு உலைப் பூங்கா. இடிந்த உலையைச் சுற்றி அந்தக் காலத்தில் கரி வண்டி போன தடத்தில், சனிக்கிழமை காலைகளில் எங்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவாள். யாராவது இருமினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பிறகு ஜலதோஷமே வராது.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் மட்டும் கேட்ட பறவை, கேட்காத பறவை. இரண்டாவது ஆள் "ஆமாம்" சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தால் வெண்டல் தனியாகக் கேட்ட ஆந்தை ஒன்று ஒரு குளிர்காலத்தில் அநியாயமாகப் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போனது. "ஆந்தைக்கு வக்கீல் யாரும் இல்ல" என்று இன்றுவரை அவர் சொல்லிக் காட்டுவார்.

அப்படிப்பட்ட ஆர்லீன் போன மாதம் தடத்தில் திடீரென்று கையை உயர்த்தினாள். காடை! எங்கள் மலையில் காடை கூவி ஒரு தலைமுறை ஆகிறது. பக்கத்தில் நின்ற வெண்டல் உடனே "ஆமாம்" என்றார். அந்த இழுப்புக்கு ஆர்லீனே காரணமும் சொன்னாள்: ஜோடியை இழந்த கிழட்டு ஆண் காடை, துக்கத்தில் குரல் தேய்ந்துவிட்டது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நான் இரண்டு தடவை. மனைவியைப் பறிகொடுத்த வெண்டல் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு, உலைச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி பரவியது. வரும் சனிக்கிழமை தலைநகரத்துப் பறவைச் சங்கத்தார் பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதைச் சொல்லத்தான் வெண்டல் வந்திருந்தார்.

"அந்தக் கடிகாரத்துக்கு எப்ப பாட்டரி மாத்தினே?" என்றார் அவர்.

"மாத்தலை. வசந்த காலத்துலேர்ந்து இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு." அவள் குரலும் இழுத்தது. "மணிக்கு ஒரு பறவை பாடும், ஒன்பதுக்குக் காடை. கூட வேலை செஞ்சவங்க கொடுத்தது. தினமும் கேட்டுக் கேட்டு, அது பாடுறதே என் காதுல விழறதில்ல. ஜன்னலும் திறந்தே கிடக்குதா, அந்தப் பய படிச்சுக்கிட்டுத் தடத்துல போய்ப் பாடியிருக்கான்... கடவுளே! துக்கம் இல்ல வெண்டல், பாட்டரி! பாட்டரிக்கா நான் ஊரையே அழ வச்சேன்?"

"நல்லாத்தான் அழுதோம்" என்றேன் நான்.

"லோயிஸ், நீ வாயை மூடிக்கிட்டு கேக்கைச் சாப்பிடு."

வெண்டல் தொப்பியைச் சுழற்றினார். "இங்க பாரு. நமக்கு மூணு பேருக்குத்தான் தெரியும். புது பாட்டரி போட்டுடுவோம். பய நாளடைவுல அந்தப் பாட்டை மறந்துடுவான். காடை கிளம்பிப் போயிடுச்சுன்னு சொன்னா யாரு கேக்கப்போறா? உன் பேரு அப்படியே இருக்கும்."

ஆர்லீன் வெளியே பார்த்தாள். இத்தனை வருஷம் அந்தக் காதை நம்பி எங்கள் பறவைகளை எல்லாம் அடித்துத் தள்ளியவள். அந்தப் பெயர் போனால் அவளிடம் மிச்சம் என்ன? எனக்கே அடுத்த வாய் கேக் மெதுவாகத்தான் இறங்கியது. கேக் பாதி, துக்கம் பாதி.

"நீயும்தானே ஆமாம்னு சொன்னே?" என்றாள் கடைசியில். "உனக்குக் காடைன்னே பட்டுச்சா?"

வெண்டலின் காது மடல் சிவந்தது. "எனக்கு அப்பவே சந்தேகம்தான்."

"அப்புறம் ஏன்?"

"உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மனசு வரலை."

"முகத்தைப் பார்த்துப் பறவை சொல்லுற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!" அவள் கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். "இப்படி ஒரு சாட்சியை வச்சுக்கிட்டு உன் ஆந்தைக்கு நியாயம் வேற கேட்டியா?"

"ஆந்தை நிஜம்."

"இருக்கட்டும். சனிக்கிழமை அவங்க வரட்டும். தடத்துக்கு அப்புறம் போகலாம். ஒன்பது மணிக்கு எல்லாரையும் இந்தச் சமையலறையில நிக்க வச்சு, என் வாயாலயே சொல்றேன். பாட்டரியை மட்டும் யாரும் தொடக்கூடாது."

"பஸ் நிறைய ஆளு வருது ஆர்லீன். சிரிப்பாங்க."

"சிரிச்சா கேக் கிடையாது. நீயும் வரணும். இந்தத் தடவை என் முகத்தைப் பாக்காம, காதால கேட்டுட்டு ஆமாம் சொல்லணும்."

வெண்டல் எழுந்தார். வாசலில் நின்று, ஏதோ சொல்ல வந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"காது சனிக்கிழமைதானே? இன்னிக்கு முகத்தைப் பாக்கலாமா?"

"போப்பா, போ. ஈ உள்ள வருது."

அவர் படியிறங்கினார். கொடியிலிருந்த திருட்டுப் பயல் அவருக்கு ஒரு சீழ்க்கை அடித்தான். வெண்டல் தொப்பியை எடுத்து அவனுக்கும் ஒரு வணக்கம் வைத்தார். அவர் வேலியைத் தாண்டும்வரை, ஈக்களைப் பற்றிக் கவலையே இல்லாமல், ஆர்லீன் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சாத்தினாள்.